எலி நிறக் குட்டியும் இரண்டு சம்பந்திகளும்

மார்ச் 3

அன்புள்ள சம்பந்திக்கு,

வாழ்த்துகள். தாத்தா ஆகிவிட்டீர்கள். நேற்றுக் காலையில் தொடங்கி மதியத்துக்குள் மிளகு ஏழு குட்டிகள் போட்டுவிட்டாள். தாயும் சேய்களும் நலம்.

கடையை அடைத்துவிட்டு, சாயம் படிந்த கையோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒருவர் கதவைத் தட்டி, கறுப்புச் சாயம் ஏற்றக் கொடுத்திருந்த கால்சட்டையைக் கேட்டார். "இன்னிக்கு வீட்ல பிரசவம், நாளைக்கு வாங்க" என்றேன். அவர் என் நரைத்த தலையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மிளகை உங்கள் துரைக்குக் கொடுத்த நாளிலிருந்து நாம் ஒருவரையொருவர் சம்பந்தி என்று அழைப்பதை என் தம்பி கேலி செய்துகொண்டே இருக்கிறான். இனி அவன் வாயை மூடலாம். பேரப்பிள்ளைகள் வந்தாயிற்று. நாலு கறுப்பு, இரண்டு காப்பிக்கொட்டை நிறம். கடைசியாக வந்த ஏழாவது மட்டும் எலி நிறம். பெண் குட்டி. ஈரம் காய்ந்தால் கறுத்துவிடும் என்று பார்த்தேன். காய்ந்த பிறகு இன்னும் நல்ல எலியாக இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இப்படி யாராவது உண்டா?

எட்டாவது வாரம் வந்துவிடுங்கள். முதல் குட்டி ஆண் வீட்டாருக்கு என்பது நம் நாய்ச் சங்கத்து வழக்கம் அல்லவா? சிவப்பு நாடாவோடு வந்து, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, பிடித்த குட்டிக்குக் கட்டுங்கள். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிற மனிதர் நாயை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதை நானும் என் வீட்டிலேயே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மிளகின் அம்மா


மார்ச் 9

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. அதன்பின் தொலைபேசியில் நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர் பயத்தில் பலகை எழுத்துகளையெல்லாம் தப்பாகப் படித்தார். "இனிமே அந்தம்மாகிட்ட எதுன்னாலும் எழுதிப் போடுங்க. எழுதறதுக்குள்ள பாதிக் கோபம் போயிடும்" என்று என் மனைவி தொலைபேசியைத் தன் மேசைக்கு மாற்றிக்கொண்டாள். ஆகவே மீதிப் பாதியை எழுதுகிறேன்.

ஆறு குட்டிகளுக்கு வாழ்த்துகள். ஏழாவதைப் பற்றிச் சில கேள்விகள். உங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர் எவ்வளவு உயரம்? பக்கத்து வீட்டில் ஆண் நாய் இருப்பதாக நீங்களே ஒரு முறை சொன்னீர்கள். அது என்ன நிறம்?

நம் இனத்துக்குக் கறுப்பு, காப்பிக்கொட்டை, இந்த இரண்டு நிறம்தான். மூன்றாவது நிறம் வந்தால் கலப்பு என்று பொருள். கலப்பு என்றால் குட்டிக்குச் சான்றிதழ் கிடையாது, தாயின் பெயரையும் சங்கப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். நிறக் குழுவின் தலைவன் நான். விதியை எழுதியவனும் நான். சொந்தக்காரர் வீட்டுக் குட்டி என்று கண்டும் காணாமல் இருக்க முடியாது. ஜூன் மாதக் கூட்டத்தில் இதை வைத்தே ஆக வேண்டும்.

தவறாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நிறக் குழுத் தலைவர்


மார்ச் 13

நிறக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

தவறாகத்தான் நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டு நாய் என் செருப்பைவிடக் கொஞ்சம் பெரியது. பதிமூன்று வயது. பல் இல்லை. என் சுவரைத் தாண்ட அதற்கு ஏணி வைத்துக் கொடுத்தாலும், ஏறி முடிப்பதற்குள் வந்த வேலை மறந்துபோகும். அதன் நிறம் வெள்ளை.

இன்னொன்று. மிளகு இணைசேரும் பருவத்தில் இருந்த நாட்களில் எங்கே இருந்தாள்? உங்கள் வீட்டில். நீங்களே நாலு மணி நேரம் பேருந்தில் வந்து அழைத்துப் போனீர்கள், நீங்களே கொண்டுவந்து விட்டீர்கள். ஆகவே உயரத்தை அளக்க வேண்டியது உங்கள் வீட்டுச் சுவரைத்தான். பெண்ணைக் கொடுத்தவர்கள் மேல்தான் எல்லாப் பழியும் விழும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாய்க்கும் அதே கதைதான் என்று இப்போதுதான் தெரிந்தது.

எங்கள் கால்நடை டாக்டரம்மாவிடம் குட்டியைக் காட்டினேன். "இதுவும் கறுப்புதாங்க. கறுப்பு கொஞ்சம் நீர்த்துப்போயிருக்கு, அவ்வளவுதான். அம்மா பக்கம் ஒண்ணு, அப்பா பக்கம் ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தாத்தான் இப்படி வரும்" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தினமும் ஒரே தொட்டிச் சாயத்தில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் துணியை முக்குகிறவள் நான். இரண்டு வீட்டிலும் சோதித்துவிடலாம், பஞ்சால் கன்னத்து உள்பக்கம் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும் என்றார். மிளகின் பஞ்சு அன்றைக்கே போய்விட்டது. துரையுடையது எப்போது?

கறுப்புக்கும் கறுப்புக்கும் காப்பிக்கொட்டை நிறத்தில் இரண்டு பிறந்திருக்கின்றன. அதைக் கலப்பு என்று நீங்கள் கேட்கவே இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கடைக்கு வருகிற ஆளெல்லாம், "உன் கையில இல்லாத சாயமா? ஒரு முக்கு முக்கிட்டா கறுப்பாயிடப்போகுது" என்கிறார்கள். எனக்கு அது அரை மணி நேர வேலை. கண்காட்சியில் ஈரக் கைக்குட்டையால் நாயைத் தேய்த்துப் பார்க்கிறீர்களே, அதற்குக்கூட ஒட்டாத சாயம் என்னிடம் இருக்கிறது. ஆனால் போட மாட்டேன். வெளுத்த துணிக்குத்தான் சாயம் வேண்டும். இவள் வெளுக்கவில்லை, இப்படியே வந்திருக்கிறாள்.

மிளகின் பெயரை எடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். தெருவில் கிடந்தவளைப் போல அவளைப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

மிளகின் அம்மா


மார்ச் 21

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

துரையின் வாயில் பஞ்சை விட முடியாது. அவன் மூன்று கண்காட்சிகளில் முதல் பரிசு வாங்கியவன். அவனைச் சந்தேகப்பட்டதாக வெளியே தெரிந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? என் மனைவி சொல்வதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளே எழுதுவாள்: "அந்தப் பொண்ணுக்கு மட்டும் பஞ்சு, உங்க புள்ளைக்கு மட்டும் மாலையா?" மூன்று நாளாக இந்த வீட்டில் எனக்கு இதே பேச்சுதான்.

நிறத்தின் மேல் எனக்கு வெறுப்பு என்று நினைக்கிறீர்கள். இல்லை. பல வருடங்களுக்கு முன் இங்கே ஒருவர் வாசலில் பலகை மாட்டினார்: 'அரிய நிறம்.' எலி நிறத்துக்கும் எலி நிறத்துக்கும் சேர்த்தே குட்டி எடுத்தார். காலைப் பார்க்கவில்லை, பல்லைப் பார்க்கவில்லை, குணத்தைப் பார்க்கவில்லை. நிறம் ஒன்றுதான். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதில் ஒன்றை இரண்டு வயதில் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். முதுகில் ஒரு முடி இல்லை. தோல் செதில் செதிலாக உரிந்து, இரவும் பகலும் சொறிந்துகொண்டே இருந்தது. நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தேன். அந்த முதுகு இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அந்த வாரம்தான் விதியை எழுதினேன்.

கண்ணுக்குப் பிடித்ததை மனிதர்கள் கண்மூடித்தனமாக வாங்குவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதே அதனால்தான்.

சந்தேகத்துக்கு இடமான ஈற்றிலிருந்து எனக்கு முதல் குட்டி வேண்டாம். நாடாவை நீங்களே யாருக்காவது கட்டிக்கொள்ளுங்கள்.

நி.கு.த.


ஏப்ரல் 4

ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சண்டைக்காக. இரண்டாம் முறை அந்த முதுகுக்காக. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அவர் சொல்றது நெசம்தான். எல்லாத்துக்கும் வராது, ஆனா வரலாம். தோலைப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். இதை நான் உங்களிடம் மறைக்க முடியாது. வாரம் ஒரு முறை எலியை ஜன்னல் வெளிச்சத்தில் கிடத்தி, முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். இதுவரை குறை ஒன்றும் இல்லை. ஆமாம், எலி என்றே கூப்பிடுகிறேன். வேட்டை நாய்ச் சாதியில் பிறந்து எலி என்று பெயர் வாங்கியது அவள் தலையெழுத்து.

போன வாரம் ஒரு தரகர் வந்தார். மற்ற ஆறையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "அந்தச் சாம்பலை மட்டும் குடுங்க, நீங்க கேக்கறதைத் தரேன்" என்றார். காலைத் தொட்டுப் பார்க்கவில்லை, வாயைத் திறந்து பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய பலகைக்காரர்தான் நினைவுக்கு வந்தார். சாயத் துடுப்பு கையில் இருந்தது. அதைக் கீழே வைக்காமலே பேசினேன். சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். முதல் குட்டிக்கு நாடா கட்டாமல் மற்ற குட்டிகள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. இதுவும் நீங்கள் எழுதிய விதி. நீங்கள் வராவிட்டால் ஏழும் இங்கேதான். நேற்று ஒரு மணப்பெண்ணின் அண்ணன் கொடுத்த கோட்டில் கை ஒன்றைத் தின்றுவிட்டார்கள். மீதிக் கையையாவது காப்பாற்ற வாருங்கள்.

மிளகின் அம்மா


ஏப்ரல் 16

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

28ஆம் தேதி வருகிறேன். விதிக்காக மட்டும் வருகிறேன். டீ வேண்டாம். அந்த ஏழாவது என் முன்னால் வரக் கூடாது. ஒரு முறை நாடா கட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு ஒன்றைக் கட்டி நாளைக்கு நிறம் பார்த்து மாற்றுகிறவர்களுக்காக எழுதியது அது. ஆகவே அவசரப்படுத்த வேண்டாம், ஆற அமரப் பார்ப்பேன்.

என் மனைவி உங்களுக்கு ஒரு படிப்புக் கண்ணாடி கொடுத்தனுப்புகிறாள். அது அவள் விஷயம். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நி.கு.த.


ஏப்ரல் 30

ஐயா,

நீங்கள் குடையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றைக்கு மழை வேறு. நனைந்தே போயிருப்பீர்கள். டீ அப்படியே இருந்தது. நானே குடித்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சதி செய்யவில்லை. எலியைப் பின்கட்டில் துணிக் கூடைக்குள் வைத்து மூடியிருந்தேன். மூடி மேல் ஒரு செங்கல்லும் வைத்தேன். ஆறையும் ஒவ்வொன்றாகத்தான் உங்கள் மடியில் விட்டேன். நீங்கள் தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, "ம்... ம்ஹூம்... பரவாயில்ல" என்று ஒவ்வொன்றாகத் தடவிக் கீழே விட்டீர்கள். ஆறும் முடிந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் எப்படியோ வெளியே வந்து, தானாக உங்கள் மடியில் ஏறிவிட்டாள். ஆறில் ஒன்று திரும்ப வந்திருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஆனால் உங்கள் கை அவள் தோளில் நின்றது. முதுகில் நின்றது. பிறகு உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "இதோ இருக்காளே, எங்கடி இருந்த இவ்வளவு நேரம்?" என்று சொல்லிக்கொண்டே நாடாவைக் கட்டிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் எங்கே வாயைத் திறப்பது?

கண்ணைத் திறந்ததும் நீங்கள் செய்த முதல் காரியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஈரக் கைக்குட்டையை எடுத்து அவள் முதுகில் தேய்த்தீர்களே! கறுப்புக் குட்டிக்கு நான் எலிச் சாயம் பூசி வைத்திருப்பேன் என்றா? சொல்லிச் சொல்லி என் தம்பி உருண்டு புரண்டு சிரிக்கிறான்.

கண்ணாடி நன்றாக இருக்கிறது. வீட்டம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். நாடா இன்னும் அவள் கழுத்தில்தான் இருக்கிறது.

மிளகின் அம்மா


மே 6

அம்மையாருக்கு,

நான் ஏமாற்றப்பட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து படித்த என் மனைவி, "யாரு ஏமாத்தினா? உங்க கைதானே கட்டிச்சு, கைமேலயே கேஸ் போடுங்க" என்றாள். அதனால் வேறு தாள் எடுத்தேன்.

தோள் எலும்பு சரிந்து இறங்கிய விதம் இருக்கிறதே, அதைத் துரையிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பின்னங்கால் மடிப்பு மிளகுடையது, அப்படியே. முதுகு பலகை மாதிரி நேர். தோல் தளர்வாக, வழவழப்பாக, முடி அடர்த்தியாக. அந்தப் பழைய முதுகை மறக்க இத்தனை வருடம் வேண்டியிருந்தது, அன்றைக்கு ஒரு நொடியில் மறந்துவிட்டேன். என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. கண் திறந்திருந்தால் நான் அவளைத் தொட்டிருக்கவே மாட்டேன். இதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

இப்போது இரண்டு விதிகளுக்கு நடுவில் நிற்கிறேன். இரண்டும் நான் எழுதியவை. எலி நிறத்தை ஏற்கக் கூடாது. கட்டிய நாடாவை அவிழ்க்கக் கூடாது. கூட்டத்தில் போய் நான் எதைச் சொல்வேன்?

உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி எழுதியது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

குடைக்கு அவசரம் இல்லை.


மே 11

ஐயா,

சுவரை மன்னித்தாயிற்று. கைக்குட்டைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

உங்களுக்கு அவ்வளவு சங்கடம் என்றால் நாடாவை நானே அவிழ்த்துவிடுகிறேன். கறுப்பில் ஒன்றுக்குக் கட்டிவிடலாம். நம்மையும் உங்கள் மனைவியையும் தவிர யாருக்கும் தெரியாது. என் தம்பியின் வாயையும் எப்படியாவது கட்டிவிடுகிறேன். எலி என்னோடு இருப்பாள், சான்றிதழ் இல்லாமலே. அவளுக்கென்ன, படிக்கவா தெரியும்? நான் கேட்பது ஒன்றுதான். மிளகின் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

முடிவை உங்களிடமே விடுகிறேன்.

உங்கள் மனைவி ஞாயிற்றுக்கிழமை குடை எடுக்க வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். குடைக்கு எதற்கு மூடி வைத்த பெரிய கூடை என்று நான் கேட்கவில்லை.

மிளகின் அம்மா


ஜூன் 17

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

குடை வந்து சேர்ந்தது. கூடவே வந்தது என் செருப்பில் ஒன்றையும், கடைப் பலகையின் கடைசி வரி எழுத்துகளையும் தின்றுவிட்டது. அந்த வரியைப் படிக்க முடிந்தவர்கள் எப்படியும் குறைவு.

கூட்டம் நேற்று நடந்தது. மூன்று வாரத்துக்கு முன்பே துரையின் வாயில் பஞ்சை விட்டேன். திறடா என்றதும் திறந்தான், இவ்வளவு நாளும் முரண்டு பிடித்தவன் நான்தான். முடிவு வந்தது. குட்டி அவனுடையதுதான். அந்த நிறத்தில் பாதி அவனிடம் ஒளிந்திருந்தது, மீதிப் பாதி மிளகிடம். எழுந்து நின்று முதலில் அதைத்தான் சொன்னேன். "மிளகு பேர்ல ஒரு களங்கமும் இல்ல. சந்தேகப்பட்டது நான். தப்பு என்னோடது" என்றேன். பொருளாளர் இருமினார். அவருக்கு எதைக் கேட்டாலும் இருமல் வரும்.

பிறகு எலியை மேசை மேல் விட்டேன். "எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு ஒரு தடவ கைய வைங்க. வெச்சுட்டு சொல்லுங்க" என்றேன். குழுவில் இருக்கும் ஓட்டுநர் பள்ளிக்காரர் வைத்தார், ரொட்டிக் கடைக்காரர் வைத்தார். இரண்டு பேரும் கண்ணைத் திறக்க மனமில்லாமல் நின்றார்கள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று பொருளாளர் முணுமுணுத்தார். ஆனாலும் கையை வைத்தார். எலி அவருடைய கைக்கடிகாரப் பட்டையைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள். அதை விடுவிக்கும் சாக்கில் அவர் அவளை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

முடிவு இது. மிளகின் பெயர் பட்டியலில் இருக்கும், அதை யாரும் தொட முடியாது. எலி நிறக் குட்டிகளுக்கும் இனிச் சான்றிதழ் உண்டு, உள்ள நிறத்தை உள்ளபடி எழுதி. ஆனால் எலிக்கும் எலிக்கும் சேர்க்கக் கூடாது, 'அரிய நிறம்' என்று யாரும் பலகை மாட்டக் கூடாது. இவை இரண்டும் நான் கேட்டு வாங்கியவை. கண்காட்சியில் பரிசு மட்டும் கிடையாது. கண்காட்சி விதியில் நிறம் பற்றிய அந்த ஒரு வரியை மாற்ற எவ்வளவோ வாதாடினேன், தோற்றுவிட்டேன். ஓட்டை ஒன்றுகூட இல்லாமல் அன்றைக்கு எழுதித் தொலைத்திருக்கிறேன். அடுத்த வருடம் மறுபடி கேட்பேன்.

வாரம் ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் கிடத்தி முடியைப் பிரித்துப் பார்க்கிறோம். நான் ஒரு பக்கம், என் மனைவி ஒரு பக்கம். எலி ஒன்றுமே தெரியாதவள் போல நடுவில் தூங்குகிறாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இன்று காலை அவளைத் தெருவில் நடத்திக்கொண்டு போனேன். எதிரே வந்தவர் நின்று பார்த்து, "அழகா இருக்கே சார், என்ன கலப்பு?" என்று கேட்டார். மார்ச் மாதத்தில் நானே எழுதிய வார்த்தை. நடு ரோட்டில் எனக்குச் சுரீர் என்றது.

"கலப்பெல்லாம் இல்லீங்க" என்றேன். "எங்க சம்பந்தி வீட்டுப் பொண்ணு."

மிளகையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். டீ போட்டு வைக்கிறேன். கைக்குட்டையைத் துவைத்து மடித்து உள்ளே வைத்தாயிற்று.

அன்புடன்,
எலியின் தாத்தா